பொய்த் தோல்மாவும் மாசிச் சம்பலும்

முஸ்லிம்களின் சாப்பாடு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இறைச்சிதான். புரியாணி, கபாப், பொரித்த கோழி, மாட்டிறைச்சிக் கறி என்று பட்டியல் நீளும். துருக்கியர் சாப்பாடு என்றால் கேட்கவே வேண்டியதில்லை. தணலுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருக்கும் ஆட்டிறைச்சிக் குவியல்தான் துருக்கியின் அடையாளம் என்று உலகமே நம்புகிறது. இறைச்சியும் மீனும் முட்டையும் மட்டுமல்ல, பாலும் தயிரும் நெய்யும் தேனும்கூட வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் அத்தகைய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? தண்ணீரும் பாணும் மட்டுந்தானா?

இப்படிச் சாப்பிடுபவர்களுக்கு இன்று 'வீகன்' என்று பெயர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சனும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய சொல் அது. சொல் புதியது, ஆனால் பழக்கம் புதியதல்ல. நம் நாட்டுச் சைவர்கள் பாலையும் தயிரையும் விலக்குவதில்லை. எனவே வீகன் என்பவர் சைவரிலும் ஒரு படி கூடுதலாகக் கேள்வி கேட்பவர். அவருடைய கேள்விக்கு ஒரு முஸ்லிம் சாப்பாட்டு மேசை வரலாற்றில் என்ன பதில் சொல்லி வந்திருக்கிறது என்பதை, துருக்கியையும் நமது கிண்ணியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் துருக்கிக்குப் போவோம். அங்கே மரக்கறி உணவில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, இறைச்சியோடு சேர்த்துச் சமைப்பது. மற்றது, ஒலிவ எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறுவது. இரண்டாவது வகைக்குத் துருக்கியர் 'ஸெய்தின்யாலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒலிவ எண்ணெய் உணவு என்பதே அதன் பொருள். அவரை, கூனைப்பூ, லீக்ஸ், கத்தரிக்காய் முதலியவற்றை வெங்காயத்தோடும் தக்காளியோடும் மெல்லிய நெருப்பில் வேகவிட்டு, சூடு தணிந்த பின் உண்பார்கள். வெண்ணெய் சேர்த்தால் ஆறும்போது உறைந்துவிடும்; எண்ணெய் உறையாது. குளிர்ந்த பின் உண்ணும் உணவுக்கு எண்ணெய்தான் பொருந்தும் என்ற சமையல் நியாயமே வீகனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஒரு துருக்கிக் கடையில் இந்தச் சொல்லின் கீழ் எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் வீகனுக்கு உரியவைதாம்.

இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது தோல்மா. 'தோல்மக்' என்றால் நிரம்புதல். மிளகாயின் உள்ளே அல்லது கத்தரிக்காயின் உள்ளே சோற்றை நிரப்பினால் அது தோல்மா. திராட்சை இலையில் வைத்துச் சுருட்டினால் அது சர்மா. இறைச்சி சேர்த்தும் செய்வார்கள், சேர்க்காமலும் செய்வார்கள். இறைச்சி சேர்க்காத தோல்மாவுக்கு 'யாலான்ஜி தோல்மா' என்று பெயர். யாலான்ஜி என்றால் பொய்யன்! இறைச்சி உள்ளது போல் தோற்றம் காட்டி ஏமாற்றுகிறதாம். உள்ளே அரிசி, வெங்காயம், பைன் பருப்பு, உலர்ந்த சிறு திராட்சை, கறுவா, புதினா ஆகியவையே இருக்கும். பொய் என்று பேர் பெற்ற பண்டம்தான் வீகனுக்கு மிகவும் மெய்யான உணவு என்பது வேடிக்கையல்லவா?

இன்னொரு பண்டத்தின் பெயர் 'இமாம் பயில்டி'. இமாம் மயங்கி விழுந்தார் என்று பொருள். கத்தரிக்காயை நீளவாக்கில் கீறி, வெங்காயமும் உள்ளியும் தக்காளியும் அடைத்து, எண்ணெயில் மிதக்க மிதக்கச் சமைப்பது. ஏன் மயங்கினார் என்பதற்குப் பல கதைகள். சுவையில் மயங்கினார் என்பார் ஒருவர். புதுமணப் பெண் சீதனமாகக் கொண்டுவந்த பன்னிரண்டு சாடி ஒலிவ எண்ணெயும் பன்னிரண்டு நாளில் தீர்ந்துபோயிற்று என்று கேட்டதும் மயங்கினார் என்பார் மற்றொருவர். எதுவானாலும், இமாமின் வீட்டில் நாள்தோறும் இறைச்சியில்லாத கறி ஆக்கப்பட்டதை இக்கதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கத்தரிக்காய் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும் அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் துருக்கிக்கும் போனது. பாரசீகர் 'பாதின்கான்' என்றனர். அரபியர் 'பாதின்ஜான்' என்றனர். துருக்கியர் 'பத்லிஜான்' என்கின்றனர். இமாமை மயக்கிய காய் நம் பக்கத்துக் காய்தான்.

ஆயினும் ஒலிவ எண்ணெய் உணவு துருக்கி முழுவதுக்கும் பொதுவானது என்று கொள்ளக்கூடாது. ஒலிவ மரம் கடலோரத்து மரம். உதுமானிய அரண்மனைச் சமையலறையில் ஆட்சி செய்தது நெய்தான். ஒலிவ எண்ணெயின் பெரும்பகுதி விளக்கெரிக்கவும் சவர்க்காரம் செய்யவும் போனது. இஸ்தான்புல் நகரத்திலும் ஏஜியன் கடற்கரையிலும் எண்ணெயுணவு நன்றாக வளர்ந்தது. அங்கே முஸ்லிம்களின் அயலில் கிரேக்கரும் ஆர்மேனியரும் வாழ்ந்தனர். அந்தக் கிறிஸ்தவர்களின் நோன்பு நம்முடைய நோன்பு போன்றதன்று. அவர்கள் பல வாரங்களுக்கு இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றை விலக்குவார்கள். இஸ்தான்புல் ஆர்மேனியர்கள் அந்நாட்களுக்கென்றே கடலை மாவை அரைத்துப் பிசைந்து, உள்ளே வெங்காயம் வைத்துச் செய்யும் 'தோபிக்' என்ற உருண்டை இன்றும் அந்நகர மேசைகளில் இருக்கிறது. அயலவரின் விரதம் ஊரின் சமையலைச் செழுமைப்படுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

1844ஆம் ஆண்டில் மெஹ்மத் காமில் என்பவர் துருக்கி மொழியின் முதலாவது அச்சிட்ட சமையல் நூலை இஸ்தான்புல்லில் வெளியிட்டார். 'சமையற்காரரின் புகலிடம்' என்பது அதன் தலைப்பின் பொருள். அந்நூலிலேயே எண்ணெயில் சமைக்கும் மரக்கறிகளுக்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எனவே வீகனுக்கான உணவு இன்றைய உல்லாசப் பயணிகளுக்காகப் புதிதாகத் தேடிப் பிடித்த ஒன்றன்று. பழைய ஏட்டிலேயே இருப்பதுதான்.

1923இல் லொசான் உடன்பாட்டின்படி கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. கிரேத்தா தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்கள் ஐவலிக் போன்ற கரையோர ஊர்களுக்கு வந்து குடியேறினர். கையில் கொண்டுவந்தது கொஞ்சம். நாவில் கொண்டுவந்தது அதிகம். காட்டுக்கீரைகளைப் பறித்து ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு உண்பது அவர்களின் வழக்கம். 'ஒரு பசுவும் ஒரு கிரேத்தாக்காரனும் புல்வெளியில் இறங்கினால் பசுவுக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது' என்ற பொருளில் துருக்கியர் அவர்களைக் கேலி செய்வார்கள். கேலி செய்யப்பட்ட அந்தக் கீரைகளே இன்று அக்கரையோரத்துக் கடைகளின் பெருமையாக இருக்கின்றன. இடம்பெயர்ந்தவர்களின் சாப்பாட்டுக்கு எப்போதும் இப்படி ஒரு காலம் பிடிக்கும்.

இனி மறைந்திருக்கும் இடையூறுகளைப் பார்க்கலாம். பருப்புச் சூப்பான 'மெர்ஜிமெக் சோர்பா' பார்ப்பதற்குத் தூய மரக்கறி உணவு. ஆனால் எலும்பு வேகவைத்த நீரில் அது ஆக்கப்பட்டிருக்கலாம். மேலே உருக்கிய வெண்ணெய் விடப்பட்டிருக்கலாம். 'பிலாவ்' என்ற சோற்றிலும் வெண்ணெய் இருக்கும். வெள்ளை அவரைக் கறியில் சில இடங்களில் இறைச்சித் துண்டு கிடக்கும். 'தர்ஹானா' என்ற காய்ந்த கூழ்மாவில் தயிர் கலந்திருக்கும். ஆகவே 'இறைச்சி இருக்கிறதா?' என்று மட்டும் கேட்பது போதாது. 'வெண்ணெய் இருக்கிறதா, எலும்பு நீர் இருக்கிறதா?' என்றும் கேட்க வேண்டும். தொழிலாளரும் கடைக்காரரும் மத்தியானத்தில் உண்ணும் 'லொகந்தா' என்ற சாதாரணக் கடைகளில் தட்டுகள் கண்ணெதிரே வரிசையாக இருக்கும். பார்த்துக் கேட்டு, விரலால் காட்டி வாங்கலாம். மொழி தெரியாதவருக்கு அது பெரிய வசதி.

மொழி தெரியாமல் துருக்கியில் நெய் தேடிய ஒருவரின் கதை நமக்கு ஏட்டிலேயே இருக்கிறது. அவர்தான் இப்னு பதூதா. 1330களின் தொடக்கத்தில் அவர் அநடோலியாவில் பயணம் செய்தார். வழியில் ஓரூரில் நெய் வாங்கிவரும்படி தம் கூட்டத்தாரில் ஒருவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். அரபியில் நெய்க்கு 'சம்ன்' என்று பெயர். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு போய் வைக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். துருக்கியில் 'சமான்' என்றால் வைக்கோல்! நெய் கேட்டவருக்கு வைக்கோல் கிடைத்ததென்றால், நெய் வேண்டாம் என்பவருக்கு என்னதான் கிடைக்காது? ஒரு சாப்பாட்டு மேசையில் சொல் எவ்வளவு முக்கியம் என்பதை அறுநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் சிரித்துக்கொண்டு பதிவு செய்துவிட்டார்.

அதே பயணத்தில் 'அகீ' என்ற இளைஞர் கூட்டத்தாரின் விருந்தோம்பலையும் அவர் வியந்து எழுதுகிறார். தொழில் செய்யும் இளைஞர்கள் பகலில் உழைத்த பணத்தை மாலையில் ஒன்றாகச் சேர்த்து, பழமும் உணவும் வாங்கி, ஊருக்கு வரும் வழிப்போக்கரை அழைத்து உண்பிப்பார்கள். இன்றைய தெனிஸ்லி நகரில் இரண்டு கூட்டத்தார் அவருடைய குதிரைக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துச் சண்டையிட்டனர், கத்தியும் உருவினர். கொள்ளையர் என்று அவர் நடுங்கினார். பின்னர்தான் தெரிந்தது, விருந்தாளியை யார் வீட்டுக்கு அழைப்பது என்பதே சண்டை! சீட்டுப் போட்டுப் பார்த்து முடிவு செய்தார்கள்.

அந்த இப்னு பதூதாதான் 1340களில் மாலைதீவில் காஸியாராக இருந்தார். 1344இல் இலங்கைக்கும் வந்தார். மாலைதீவில் அவர் கண்ட ஒரு பொருள் நம் கதைக்கு மிகவும் வேண்டியது. சிவந்த தசையுடைய ஒரு மீனைத் துண்டுகளாக்கி, சிறிது அவித்து, ஓலைக் கூடைகளில் வைத்துப் புகையூட்டி உலர்த்துகிறார்கள் என்றும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் போகிறது என்றும் எழுதுகிறார். அதற்கு 'குல்புல் மாஸ்' என்று பெயர் தருகிறார். நம் வீட்டுக் குசினியில் இடித்துப் போடும் மாசிதான் அது!

மாசியைப் பற்றிச் சொல்லும்போது கிண்ணியாவுக்கு வந்துவிட்டோம். கிண்ணியாவின் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒரு வீகன் உட்கார்ந்தால் அவர் மகிழ்வதற்கு எவ்வளவோ இருக்கின்றன. பிட்டில் அரிசி மாவும் தேங்காய்ப்பூவும்தான். இடியப்பத்தில் மாவும் தண்ணீரும் உப்பும்தான். தேங்காய் றொட்டி, அவித்த மரவள்ளிக் கிழங்கு, பருப்புக் கறி, பலாக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளியூரார் 'பால்கறி' என்ற பெயரைக் கேட்டு மிரளக்கூடும். அங்கே பால் என்பது மாட்டின் பாலன்று, தேங்காயின் பால். முதற்பால், இரண்டாம் பால் என்று பிழிந்து, கடைசியில் முதற்பாலை விட்டு இறக்குவார்கள். துருக்கியரின் தோல்மா பொய்த் தோல்மா என்றால் நம்முடைய பால்கறியும் ஒருவகைப் 'பொய்ப் பால்' கறிதான். அங்கே ஒலிவ எண்ணெய் செய்யும் வேலையை இங்கே தேங்காய்ப்பால் செய்கிறது. கறிக்குக் கொழுப்பும் குணமும் கொடுக்க ஓர் உயிர்ப்பிராணியும் வேண்டியதில்லை.

இது இன்று நேற்று ஏற்பட்டதுமல்ல. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில், அதாவது கிண்ணியாவும் மூதூரும் அணைத்துக்கொண்டிருக்கும் அதே குடாக்கரையில், கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இருபது ஆண்டுகள் வரை மலைநாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் தம் நூலை வெளியிட்டார். சோறும் உப்பும் வீட்டில் இருந்தால் ஒரு குறையும் இல்லையென்று இந்நாட்டார் எண்ணுவதையும், கொஞ்சம் பச்சிலையும் எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்த்து வயிறார உண்டுவிடுவதையும் அவர் கண்டு எழுதியிருக்கிறார். நம் நாட்டின் அடிப்படைச் சாப்பாடு பச்சிலைச் சாப்பாடு. மற்றவை பெருநாளுக்கும் விருந்துக்கும் உரியவை.

ஆனால் கிண்ணியாவிலும் துருக்கியைப் போல இரண்டு இடையூறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன மாசி. சம்பலில் மாசி, சுண்டலில் மாசி, சீனிச் சம்பலில் மாசி, சில கைகளில் பருப்பிலும் மாசி. மாசி போட்டவர் அதை மீனென்றே எண்ணுவதில்லை. உப்பு, மிளகாய் போல ஒரு சரக்கு என்று எண்ணுகிறார். 'மீன் இருக்கிறதா?' என்று கேட்டால் 'இல்லை' என்பார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மீனில்லை. துருக்கிக் கடைக்காரர் எலும்பு நீரை இறைச்சியென்று கருதாதது போலத்தான் இதுவும். எனவே வீகன் 'மாசி போட்டிருக்கிறதா?' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மற்றது தயிர். கிண்ணியாத் தயிரின் புகழை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எருமைப்பாலை மண்சட்டியில் உறையவிட்டு, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித்தயிராக்கி, கொழும்பு வரை அனுப்பிய ஊர் அது. மகாவலி கடலைச் சேரும் இந்தப் பகுதியின் ஈரநிலங்களும் மேய்ச்சல் தரைகளும் எருமைப் பட்டிகளுக்கு வாய்ப்பாயின. விருந்தின் முடிவில் தயிரும் பாணியும் வராவிட்டால் விருந்தாளிக்கு மனம் நிறையாது. இதற்கும் இப்னு பதூதா சாட்சி சொல்கிறார். மேற்குக் கரையிலுள்ள ஹொனாவர் சுல்தானின் விருந்தில், சோறும் ஊறுகாயும் கோழியும் மீனும் மரக்கறியும் ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் தயிர் வந்தால் இனி வருவதற்கு ஒன்றுமில்லை என்று அறிந்துகொள்ளலாம் என்கிறார். மேலும் ஒரு வேடிக்கை. கிண்ணியாக் கடையில் மண்சட்டியில் இருப்பதற்குத் தயிர் என்று பெயர். பக்கத்தில் சிறு கோப்பையில் இருப்பதற்கு 'யோகட்' என்று பெயர். அந்த யோகட் என்ற சொல் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த துருக்கிச் சொல். துருக்கியரின் சமையற்சொற்கள் இப்படிப் பல வழியாக நம் வாய்க்குள் புகுந்திருக்கின்றன. 'குர்மா'வும் அவர்களின் 'கவுர்மா'விலிருந்து, உருதுவின் வழியாக வந்து சேர்ந்ததே.

இவ்வளவு சொற்கள் வந்தும் துருக்கியின் எண்ணெய்ச் சட்டி மட்டும் நம்மிடம் வரவில்லை. தொப்பி வந்தது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றுவது தடுக்கப்பட்டபோது, அவ்வாண்டு டிசம்பர் 31ஆந் திகதி மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டித்ததை வரலாறு அறியும். அந்தத் தொப்பியைத் துருக்கியே 1925இல் சட்டம் போட்டு நீக்கிவிட்டது. நாமோ கலியாண மாப்பிள்ளையின் தலையில் நெடுங்காலம் வைத்திருந்தோம். தலைக்கு வந்தது வயிற்றுக்கு வராததால், துருக்கியர் என்றால் இறைச்சி தின்பவர் என்ற எண்ணமே நம்மிடம் நிலைத்துவிட்டது. நம்மைப் பற்றி மற்றவர்கள் அப்படி எண்ணுவதும் இதே காரணத்தால்தான். விருந்தைக் கண்டவர்கள் அன்றாடத்தைக் காணவில்லை.

இறைச்சியுண்ணாத முஸ்லிம் ஒருவர் வரலாற்றில் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெரும் புலவரைக் காட்டலாம். பின்னாளில் உதுமானியர் ஆண்ட சிரியா நாட்டில், மஅர்ரத்துந் நுஃமான் என்ற ஊரில், 973இல் பிறந்தவர் அபுல் அலா அல்-மஅர்ரி. சிறுவயதிலேயே அம்மை நோயால் கண்ணிழந்தார். அரபுக் கவிதையின் சிகரங்களில் ஒருவராக மதிக்கப்படும் அவர், வாழ்வின் பிற்பகுதியில் இறைச்சியையும் மீனையும் மட்டுமன்றி, முட்டை, பால், தேன் ஆகியவற்றையும் விலக்கினார். குட்டிக்குரிய பாலைத் தாம் குடிப்பதும், தேனீ தனக்கெனச் சேர்த்ததைத் தாம் எடுப்பதும் அவருக்கு நியாயமாகப் படவில்லை. 1047இல் அவ்வூர் வழியாகச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், ஊரே அவருக்குப் பணிவிடை செய்யக் காத்திருக்க, அவரோ முரட்டு உடையுடுத்து வாற்கோதுமை ரொட்டியோடு வாழ்கிறார் என்று எழுதினார். 1057இல் அவர் மறைந்தார். வீகன் என்ற சொல் பிறப்பதற்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாழ்க்கையை ஒருவர் வாழ்ந்து முடித்துவிட்டார்.

அவரை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பாத்திமியரின் அறிஞரான அல்-முஅய்யத் அவருக்குக் கடிதம் எழுதி, ஏன் இப்படி என்று விளக்கம் கேட்டார். இறைவன் ஆகுமாக்கியதை மனிதன் விலக்கலாமா என்பது விவாதத்தின் அடி. மஅர்ரி தம் இரக்கத்தையும் சொன்னார்; தம் சொற்ப வருமானத்துக்குப் பயறும் பருப்பும்தான் கட்டும் என்றும் சொன்னார். ஒன்றை ஹராம் என்று அறிவிப்பது வேறு. ஆகுமான ஒன்றை உண்ணாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் ஒரு முஸ்லிம் வீட்டின் மேசையில் வீகனும் நிம்மதியாக அமரலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தையற்காரரின் விருந்தில், உலர்ந்த இறைச்சியும் சுரைக்காயும் கலந்த ஆணத்தில் சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மரக்கறியை இரண்டாந்தர உணவென்று எண்ணுவதற்கு நமக்கு ஆதாரம் இல்லை.

கிண்ணியாவில் இந்த விடயம் வெறும் நாவின் விடயமன்று. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் இப்பிரதேசத்தில் ஆலங்கேணி, ஈச்சந்தீவு போன்ற தமிழ்க் கிராமங்களும் இருக்கின்றன. பக்கத்தில் தம்பலகாமத்துக் கோயில், அப்பால் கோணேசர் கோயில், தெற்கே வெருகல். விரதகாரரும் யாத்திரீகரும் இந்த வழியேதான் போய்வந்தார்கள். பாலம் இல்லாத நாட்களில் 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. காத்திருப்பவருக்குத் தேநீர்க் கடைதான் புகலிடம். விரதகாரர் ஒரு பிளேன்டியும் வாழைப்பழமும் வாங்குவார். அதற்கு மேல் வேண்டுமானால் 'மாசி இல்லாத சம்பல் இருக்கா, காக்கா?' என்று கேட்பார். கடைக்காரர் உள்ளதை உள்ளபடி சொல்வார். கலியாண வீடுகளிலும் இப்படித்தான். தமிழ் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி ஆள் என்று ஒழுங்கு செய்யும் வழக்கம் கிழக்கு மாகாணத்தில் இருந்தது. அப்படி வசதியில்லாதபோது அரிசியும் காய்கறியும் வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். 'எங்கள் வீட்டில் நீங்கள் உண்ணலாம். உங்கள் முறைப்படியே உண்ணலாம்' என்பதே அதன் பொருள்.

யுத்தம் அந்த வழக்கத்தைக் குலைத்தது. ஒருவர் வீட்டு அடுப்பை மற்றவர் நம்ப முடியாத காலம் வந்தது. 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது கிண்ணியா பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் தஞ்சம் புகுந்தனர். நிவாரணமாக வந்த அரிசியும் மாவும் பருப்பும் சீனியும்தான் அப்போது எல்லோருக்கும் உணவு. விரும்பி விலக்குபவர் உண்பதையே வேறு வழியின்றி உண்டவர்கள் அவர்கள். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இல்லாதவர்களைப் பரிகசிப்பதாகும். விலக்குவதற்கு முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. காத்திருப்பு நீங்கியது, கரைக் கடைகளின் பேச்சும் குறைந்தது. வாகனங்கள் நிற்காமல் போகின்றன. பாலம் ஊர்களை இணைத்துவிடும். மேசையை மனிதர்கள்தாம் மீண்டும் போட வேண்டும்.

அதற்கான வழி நம்மிடமே இருக்கிறது. வெளியூரில் ஒரு முஸ்லிம் சாப்பிட உட்கார்ந்தால் அவர் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். 'இது ஹலாலா? எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்? அதே சட்டியில் வேறு எதையும் பொரித்தீர்களா? இந்த இனிப்பில் ஜெலட்டின் உண்டா?' வீகன் கேட்பதும் இவற்றையேதான். காரணங்கள் வேறு, கேள்வி ஒன்று. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் ஹலால் சான்றிதழுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்தது. 2013 மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தையில் ஹலால் இலச்சினையைக் கைவிடுவதாக அறிவிக்க நேர்ந்தது. நான் உண்பதில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை கேலிக்கும் பகைக்கும் உள்ளாகும்போது எப்படி வலிக்கும் என்பதை நாம் அப்போது அனுபவித்தோம். அந்த வலியை அறிந்தவர்கள், மாசி உண்டா என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

துருக்கியர் தங்கள் இறைச்சியில்லாத தோல்மாவுக்குப் 'பொய்யன்' என்று பெயரிட்டது நல்ல நேர்மை. பெயரைக் கேட்டவுடனேயே உள்ளே என்ன இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. நம் கடைகளிலும் வீடுகளிலும் அந்த நேர்மை போதும். மாசி போட்ட சம்பலைப் போட்டதென்று சொல்லி, போடாத சம்பலில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தால், வீகனும் விரதகாரரும் பசியோடு எழுந்து போக மாட்டார்கள். தயிர்ச் சட்டியை அவர் பக்கம் தள்ளாமல், பிட்டையும் முருங்கையிலைச் சுண்டலையும் தள்ளினால் அதுவே விருந்து. நம் முன்னோர் தனி அடுப்பு மூட்டிச் செய்ததைத்தான் நாம் ஒரு கரண்டியை மாற்றிச் செய்யப்போகிறோம். இது நம்மால் முடியாத காரியமா, நேயர்களே?